மழைக்காலச் சமையலுக்கு நம் கையால் ஒரு மசாலாப் பொடி

ஐப்பசி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் சமவெளியின் முகமே மாறிவிடுகிறது. சித்திரையிலும் வைகாசியிலும் அனலாய்த் தகித்த ஊர்கள்தாமா இவை என்று வியக்கும் வண்ணம் சேர்வராயன் மலை முகிலைப் போர்த்திக்கொள்கிறது. கொல்லிமலையின் உச்சி கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது. ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் நம் முன்னோர் ‘கூதிர்’ என்று அழைத்தார்கள். இப்பருவத்தில் நாவும் வயிறும் சூடானதையும் மணமுள்ளதையும் தேடும். மிளகு மணக்கும் ஆட்டுக்கால் சூப்பு, பட்டையும் கிராம்பும் கமழும் குருமா, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்ட தேநீர், பள்ளி விட்டு நனைந்து வரும் பிள்ளைகளுக்கு அடுப்பில் வெந்த ஓர் இனிப்பு ரொட்டி என்று இல்லந்தோறும் ஏதேனும் ஒன்று தயாராகும்.

இவை அனைத்திற்கும் உயிர் கொடுப்பது மசாலாப் பொடி. அந்தப் பொடி இன்று நம் இல்லங்களுக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கடையிலிருந்து, பொட்டலமாக வருகிறது. அதனால் வேலை எளிதாகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அன்புச் சகோதரிகளே, சற்று எண்ணிப் பாருங்கள். அரிசியில் கல் இருந்தால் நம் கண்ணுக்குத் தெரிகிறது. கீரையில் புழு இருந்தால் தெரிகிறது. இறைச்சியை வாங்கும்போது முறைப்படி அறுக்கப்பட்டதா என்று கேட்டறிந்தே வாங்குகிறோம். பொடியில் மட்டும் எதுவும் தெரிவதில்லை, யாரையும் கேட்பதுமில்லை. நம் சமையலறையில் நாம் பாராமலே குழந்தைகளுக்கு ஊட்டும் பொருள் அது ஒன்றுதான்.

மழையில் நனைந்த தானியம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் குவித்து வைக்கப்பட்டிருந்த தானியத்திற்குள் தம் கையை நுழைத்துப் பார்த்ததையும், விரல்களில் ஈரம் பட்டதையும் ஹதீஸில் படித்திருக்கிறோம். மழை பட்டுவிட்டது என்று வணிகர் சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று அவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்பதையும் அங்கேயே அறிவித்துவிட்டார்கள். மழையில் நனைவது குற்றமன்று. நனைந்ததை மறைப்பதே குற்றம்.

பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், ஏறத்தாழ அதே நிகழ்ச்சி நம் அண்டை நாடான வங்காள தேசத்தில் நடந்தது. 1980களில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் மஞ்சள் கிழங்குகள் ஈரம் பாய்ந்து நிறம் மங்கிப் போயின. மங்கிய மஞ்சளை விற்பதற்காகச் சிலர் ‘லெட் குரோமேட்’ என்னும் ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைப் பூசத் தொடங்கினார்கள். வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும் நஞ்சு. அதற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பது மருத்துவ உலகின் முடிவு. ஆய்வாளர்கள் இதை 2019இல் வெளிக்கொணர்ந்தபோது, அந்நாட்டுச் சந்தைகளில் சோதித்த மஞ்சள் மாதிரிகளில் ஏறத்தாழப் பாதியில் அந்தச் சாயம் இருந்தது. அரசு விழித்துக்கொண்டது. மொத்த வணிகர்களின் கடைகளில் கருவிகொண்டு சோதித்து அபராதம் விதித்தார்கள். பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் மக்களுக்கு எடுத்துரைத்தார்கள். 2021ஆம் ஆண்டிற்குள் சோதனைக்கு எடுத்த மாதிரிகளில் அந்தச் சாயம் இல்லாமற்போயிற்று. மக்கள் கேட்கத் தொடங்கினால் கலப்படம் ஒழியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மற்றொரு நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. 2023ஆம் ஆண்டின் இறுதியில், பட்டைத்தூள் சேர்த்த ஆப்பிள் கூழை உண்ட நானூறுக்கும் மேற்பட்டோரின், பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகளின், இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பது கண்டறியப்பட்டது. தேடிப் பார்த்ததில் குற்றம் ஆப்பிளில் இல்லை, பட்டைத்தூளில் இருந்தது. அந்தப் பட்டை இலங்கையிலிருந்து ஈக்வடார் நாட்டிற்குச் சென்று அங்கே தூளாக்கப்பட்டது. அரைக்காத பட்டைக் குச்சிகளை அந்நாட்டு அதிகாரிகள் சோதித்தார்கள். அவற்றில் ஈயம் இல்லை. தூளில்தான் இருந்தது.

இவ்வொரு செய்தியே போதும். மரம் தந்த பட்டை தூய்மையாக இருந்தது. மனிதர் கைபட்ட தூள் நஞ்சாயிற்று. கடையில் விற்கும் பொடியெல்லாம் தீயது என்று சொல்வது நீதியாகாது. நாணயமாகத் தொழில் செய்வோர் பலர் இருக்கிறார்கள். ஆயினும் முழுப் பொருளாக வாங்கி வீட்டில் அரைத்தால், ஏமாற்று நுழையும் வாயில்களுள் பெரியதொன்றை நாமே அடைத்து விடுகிறோம்.

பொடியின் உயிர் எண்ணெயில்

தூய்மைக்கு அடுத்தது மணம். மிளகு, கிராம்பு, பட்டை, ஏலம் ஆகியவற்றின் மணமெல்லாம் அவற்றுள் பொதிந்திருக்கும் எளிதில் ஆவியாகும் எண்ணெயிலிருந்தே வருகிறது. முழுப் பொருளாக இருக்கும்வரை அந்த எண்ணெய் சின்னஞ்சிறு அறைகளுக்குள் பத்திரமாக அடைபட்டுக் கிடக்கும். அரைத்தவுடன் அறைகள் உடைகின்றன. எண்ணெய் காற்றோடு கலக்கத் தொடங்குகிறது. கிராம்பை முழுதாக வைத்தால் ஓராண்டுக்கு மேல் மணக்கும். பொடித்து வைத்தால் சில திங்களிலேயே சோர்ந்துவிடும். ஆகவே ஆண்டு முழுமைக்கும் ஒரே நாளில் அரைத்து வைப்பது இந்தப் பொடிக்குப் பொருந்தாது. மல்லி, மிளகாய், மஞ்சளை வேண்டுமானால் கோடையில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம். மணமசாலாவை ஓரிரு திங்களுக்குப் போதுமான அளவு, ஒரு கைப்பிடி மட்டும் அரைப்பதே அறிவுடைமை. அதற்கு மிக்ஸியில் ஐந்து நிமிடம் போதும்.

நம் வட்டாரத்தின் கொடை

இவ்வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். நாமகிரிப்பேட்டையும் ராசிபுரமும் மஞ்சளுக்குப் பெயர்பெற்றவை. தை, மாசியில் தோண்டி, வேகவைத்து, உலர்த்திய விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் மூட்டை மூட்டையாக ஏலத்திற்கு வரும். அண்டையிலுள்ள ஈரோட்டு மஞ்சளோ 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலையில் மிளகுக்கொடி மரங்களைத் தழுவிப் படர்ந்திருப்பதைக் காணலாம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலும் அதே காட்சிதான். ஏலக்காய் இடுக்கி மலையிலிருந்து போடிநாயக்கனூர் வழியாக வருகிறது. கிராம்பு கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில் விளைகிறது. இவையெல்லாம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகளில் ஒரே தெருவில் கிடைக்கும்.

14ஆம் நூற்றாண்டில் நம் கரைகளுக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மிளகைப் பற்றி எழுதியிருப்பது சுவையானது. மிளகை நெருப்பில் வறுப்பதால்தான் அதன் தோல் சுருங்குகிறது என்று தம் நாட்டு மக்கள் நம்பி வந்ததாகவும், நேரில் பார்த்தபோது வெயிலில் உலர்வதாலேயே அது சுருங்குவதை அறிந்ததாகவும் அவர் குறித்திருக்கிறார். கடல் கடந்து வந்தவர் கண்ணால் கண்டு ஐயம் தெளிந்தார். மலையடிவாரத்தில் வாழும் நாம் பொட்டலத்தின் மேலட்டையைப் பார்த்துத் தெளிவடையலாமா?

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடைக்குச் செல்வது பெரும்பாலும் ஆண்கள் என்பதால் சகோதரர்களும் இப்பகுதியைப் படிப்பது நலம். இச்சோதனைகளுக்கு ஒரு கண்ணாடித் தம்ளரும் தண்ணீரும் போதும்.

மிளகு: சிறிதளவு தண்ணீரில் இடுங்கள். நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை கலந்திருந்தால் அது மேலே மிதக்கும்.

கிராம்பு: நல்ல கிராம்பு நீரில் அமிழும். எண்ணெய் பிழிந்தெடுக்கப்பட்ட சக்கைக் கிராம்பு மிதக்கும். நகத்தால் அழுத்தினால் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும்.

சீரகம்: உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கை கறுத்தால் கரித்தூள் பூசிய புல்விதை கலந்திருக்கிறது என்று பொருள்.

மஞ்சள்: பளபளவென்று கண்ணைப் பறிக்கும் மஞ்சளை நாடாதீர்கள். வங்காள தேசத்தில் சாயம் பூசப்பட்டது முழுக் கிழங்கின் மேல்தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். மெருகேற்றாத, மண்நிறம் மாறாத விரலியாகப் பார்த்து வாங்கி, கழுவித் தேய்த்து, நன்றாகக் காயவைத்து அரையுங்கள். பொடியாக வாங்க நேர்ந்தால் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் தூவுங்கள். நல்ல பொடி வெளிர்மஞ்சள் நிறம் காட்டி அடியில் படியும். தண்ணீர் முழுதும் அடர்மஞ்சளாக மாறினால் சாயம் இருக்கிறது.

பட்டை: இதில் இரு வகை உண்டு. காகிதம்போல் மெல்லிய தோல்கள் பல அடுக்காகச் சுருண்டு, விரலால் நொறுக்கினால் நொறுங்குவது சுருள்பட்டை. இலங்கையில் கறுவா என்பது இதுவே. தடித்து, ஒற்றை மடிப்பாய், மரச்செதில்போல் இருப்பது சீனா, வியட்நாம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வரும் மற்றோர் இனம். விலை குறைவு, காரம் மிகுதி. பிரியாணிக்கும் குருமாவிற்கும் எப்போதேனும் ஒரு துண்டு போடுவதில் தீங்கில்லை. ஆனால் அதில் ‘கூமரின்’ என்னும் பொருள் அதிகம். அளவு மீறி நாள்தோறும் உண்டால் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். பண்டிகைக் காலத்தில் பட்டை மிகுந்த பிஸ்கட்டுகளைக் குழந்தைகள் அதிகம் உண்பதைக் குறித்து 2006இல் ஜெர்மானிய அரசு நிறுவனமொன்று பெற்றோரை எச்சரித்தது. ஆகவே பிள்ளைகள் அடிக்கடி உண்ணும் இனிப்புகளுக்குச் சுருள்பட்டையே ஏற்றது.

கறிமசால் பொடி

நான்கைந்து பேர் உள்ள குடும்பத்திற்கு இரு திங்களுக்குப் போதுமான அளவு இது:

சோம்பு 30 கிராம்
சீரகம் 20 கிராம்
மிளகு 20 கிராம்
பட்டை 20 கிராம்
கிராம்பு 10 கிராம்
ஏலக்காய் 10 கிராம்
அன்னாசிப்பூ 5 கிராம்
ஜாதிபத்திரி 3 கிராம்
பிரிஞ்சி இலை 2 கிராம்

மழை விட்டு வெயில் தலைகாட்டும் நாளாகப் பார்த்து, எல்லாவற்றையும் தட்டில் பரப்பி இரண்டு மணி நேரம் வெயிலில் வையுங்கள். வெயில் கிடைக்காவிடில் கனமான வாணலியை மிதமாகச் சூடாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே வெதுப்புங்கள். சோம்பும் சீரகமும் விரைவில் சூடேறும். பட்டைக்குச் சற்று நேரம் பிடிக்கும். ஒன்றாகக் கொட்டினால் ஒன்று கருகும், மற்றொன்று ஈரமாகவே நிற்கும். நிறம் மாறும்வரை வறுக்க வேண்டியதில்லை. கையில் எடுத்து ஒடித்தால் ‘படக்’ என்று ஒடிய வேண்டும். அதுவே பதம்.

முற்றிலும் ஆறிய பின்னரே மிக்ஸியில் இடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பாத்திரம் சூடேறி மணம் ஆவியாய்ப் போய்விடும். விட்டு விட்டு ஓட்டுங்கள். சல்லடையில் சலித்து, தங்கிய திப்பியை மீண்டும் அரையுங்கள். அரைத்த பொடியைத் தட்டில் பரப்பி, சூடு தணிந்த பிறகே சீசாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த பொடியை மறுபடி வறுத்துப் பயன்படுத்த முயலாதீர்கள். பூசணத்தின் நஞ்சு சில வேளை வறுத்தாலும் நீங்குவதில்லை.

அரைக்கிலோ இறைச்சிக்கு ஒரு தேக்கரண்டி போதும். பாதியை வதக்கும்போதும் மீதியை இறக்குவதற்குச் சற்று முன்னும் சேர்த்தால் சுவையும் மணமும் ஒருங்கே கிட்டும். ரமளானில் நோன்புக் கஞ்சிக்கும் இதுவே பொருந்தும். அப்போது அரைத்தேக்கரண்டி போதுமானது.

இனிப்புக்கு ஒரு தனிப்பொடி

ரொட்டி, கேக், அல்வா, பால்கஞ்சி, தேநீர் ஆகியவற்றிற்குச் சோம்பும் சீரகமும் சேர்ந்த பொடி ஒவ்வாது. மேனாட்டார் இலையுதிர்காலத்தில் பூசணியைக்கொண்டு செய்யும் இனிப்புகளுக்கென்று பட்டை, இஞ்சி, கிராம்பு, ஜாதிக்காய் கலந்த பொடி ஒன்றை வைத்திருப்பார்கள். அச்சரக்குகளெல்லாம் நம் நாட்டிலும் அண்டை நாடுகளிலும் விளைபவைதாம். அவற்றோடு நம் ஏலக்காயும் சேர்ந்தால் மணத்திற்குக் குறைவேது?

சுருள்பட்டை 30 கிராம்
சுக்கு 15 கிராம்
ஏலக்காயின் உள்ளரிசி 10 கிராம்
கிராம்பு 3 கிராம்
ஜாதிக்காய் 2 கிராம்

சுக்கின் மேல்தோலைச் சுரண்டி, உரலில் இடித்துச் சிறு துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். முழுதாகப் போட்டால் மிக்ஸியின் பிளேடு மழுங்கும். ஜாதிக்காயைத் துருவிச் சேருங்கள். மற்றவற்றை முன்போலவே வெதுப்பி, ஆறவைத்து அரைத்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். சுக்கின் நார் இப்படித்தான் நீங்கும்.

ஜாதிக்காயைப் பற்றி ஒரு சொல். மிகுதியாக உண்டால் அது மயக்கம் தரும். அதனாலேயே மார்க்கச் சட்ட அறிஞர்கள் இதைக்குறித்து விவாதித்திருக்கிறார்கள். மணத்திற்காகச் சேர்க்கும் மிகச் சிறு அளவை அனுமதித்தோரும் உண்டு, கூடாது என்போரும் உண்டு. உள்ளத்தில் தயக்கம் உள்ளவர்கள் தங்கள் ஆலிமைக் கேட்டுத் தெளிவு பெறலாம். அதை விட்டுவிட்டு ஏலக்காயைச் சற்றுக் கூட்டினாலும் பொடி நன்றாகவே இருக்கும்.

அரசாணிக்காய் தம் ரொட்டி

பொடி தயாராகிவிட்டது. அதன் மணத்தைக் கண்டறிய எளிய பண்டம் ஒன்று. நம் பகுதியில் அரசாணிக்காய் என்று அழைக்கப்படும் மஞ்சள் பூசணியையும் நாமக்கல் முட்டையையும் கொண்டு இதைச் செய்யலாம்.

ரவை 250 கிராம், தோல் நீக்கி ஆவியில் வேகவைத்து மசித்த அரசாணிக்காய் 250 கிராம், நாட்டுச் சர்க்கரை 200 கிராம், நெய் 100 கிராம், முட்டை 4, இனிப்புப் பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, முந்திரி சிறிதளவு.

பாதி நெய்யில் ரவையை மணம் வரும்வரை வறுத்து, அரசாணி விழுதைக் கலந்து அரைமணி நேரம் ஊறவிடுங்கள். முட்டையையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடித்து, பொடியும் உப்பும் சேர்த்து, ஊறிய ரவையோடு மெல்லக் கலந்துவிடுங்கள். மீதி நெய்யில் சிறிதளவைத் தடவிய தட்டில் கலவையை ஊற்றி, எஞ்சிய நெய்யையும் முந்திரியையும் மேலே தூவுங்கள். ஓவன் உள்ளவர்கள் 170 டிகிரி வெப்பத்தில் முக்கால் மணி நேரம் வேகவிடலாம். இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். அடுப்பில் பழைய தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் அடிகனத்த பாத்திரத்தில் கலவையை ஊற்றி மூடி, சிறுதீயில் வைத்து, மூடியின் மேல் கரிக்கங்குகளைப் பரப்பினால் அதுவே தம். நடுவில் ஒரு குச்சியைக் குத்தி எடுத்துப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. நன்றாக ஆறிய பிறகே துண்டு போடுங்கள்.

பாதுகாக்கும் முறை

ஈரமற்ற சிறு கண்ணாடிச் சீசாக்களில் அடைத்து, அரைத்த நாளை எழுதி ஒட்டுங்கள். மூன்று திங்களுக்குமேல் வைக்க வேண்டாம். அடுப்புக்கு மேலுள்ள பலகை கைக்கு வசதிதான். ஆனால் சூடும் ஆவியும் பொடியைக் கெடுக்கும். வெளிச்சம் படாத அலமாரியே உகந்தது. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் சீசாவைக் கவிழ்த்துத் தட்டாதீர்கள். எழும் நீராவி சீசாவுக்குள் புகுந்துவிடும். உலர்ந்த கரண்டியால் எடுத்துச் சேருங்கள்.

பொடி நன்றாக அமைந்தால் அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். அதைச் சிறு தொழிலாகச் செய்யவும் சில சகோதரிகளுக்கு எண்ணம் தோன்றலாம். நல்ல எண்ணமே. விற்பதாயின் உணவுப் பாதுகாப்புத் துறையில் முறைப்படி பதிவு செய்துகொள்ளுங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது, என்று அரைத்தது என்பதை ஒளிவின்றி எழுதி ஒட்டுங்கள். நனைந்ததை மேலே வைக்கச் சொன்ன அறிவுரை வாங்குவோருக்கன்று, விற்போருக்குச் சொல்லப்பட்டது.

விற்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் வீட்டில் ஒரு கடமை உண்டு. அடுத்தமுறை பொடி அரைக்கும்போது மகளையும் மகனையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். கிராம்பைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவும், பட்டையை ஒடித்து முகரவும் அவர்களிடமே கொடுங்கள். நல்லதைக் கண்டறியும் பழக்கம் அவர்கள் கைக்கு வந்துவிட்டால், நாளை எந்தக் கடையிலும் அவர்களை எளிதில் ஏமாற்ற இயலாது, இன்ஷா அல்லாஹ்.